எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு? டர்பனில் பழைய பாய்ப்படகு வாங்க நினைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், யாட் எனப்படும் பாய்ப்படகுகள் நிற்கும் துறையில் ‘விற்பனைக்கு’ அட்டை தொங்காத நாளே கிடையாது. எஸ்பிளனேடு ஓரமாக மாலையில் நடந்து போகிறவர்களுக்கு அந்த அட்டை ஒரு பொறி. மாஸ்ட் என்கிற பாய்மரத்தில் கயிறு தட்டும் சத்தம், எதிரே பிளஃப் குன்று, சாய்கிற வெயில். பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். வீடு போய்ச் சேருவதற்குள் மனதில் படகை வாங்கிப் பெயரும் வைத்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் விழுந்தேன். 34 அடி இரும்புப் படகு. இதில் மடகாஸ்கர் வரைக்கும் போகலாம் என்றார் விற்றவர். போகலாம்தான், பொய்யில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் நான் துறைமுக வாயைத் தாண்டியது ஆறே தடவை. மற்ற ஞாயிறுகளெல்லாம் துரு சுரண்டுவதிலும் பெயின்ட் அடிப்பதிலும் போயின. விற்றபோது கைக்கு வந்தது வாங்கிய விலையில் பாதி. அடுத்து வாங்கியது 22 அடி. அதில் முதல் வருஷமே முப்பது நாளுக்கு மேல் பாய் விரித்தேன். அந்த இரண்டு படகுகளுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படகை விடுங்கள், காலண்டரை எடுங்கள்

முதல் வேலைக்குப் பணம் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். போன மூன்று மாதத்தில் முழுசாக உங்கள் கைக்குக் கிடைத்த ஞாயிறுகள் எத்தனை என்று எழுதுங்கள். கல்யாணம், கோயில், பிள்ளைகளின் கிரிக்கெட், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான். எனக்கு ஐந்து வந்தது. அந்த ஐந்திலும் காற்று ஒழுங்காக இருந்தது மூன்று நாள். மூன்று மாதத்தில் மூன்று நாள் ஓட்டுகிறவனுக்கு மடகாஸ்கர் போகிற படகு எதற்கு?

அடுத்தது, கூட யார் வருவார்கள் என்பது. ‘குடும்பத்தோடு’ என்று எல்லோருமே எழுதுவோம். வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள். என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: “கதவு சாத்த முடியாத டாய்லெட் இருக்கிற படகில் நான் ஏற மாட்டேன்.” அப்போது சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், படகு தேடிய நாட்களில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான். 20 அடிக்குக் கீழே தனி டாய்லெட் அநேகமாக இருக்காது. 25, 26 அடியில் பலகை இருக்கைக்கு அடியில் ஒன்றை ஒளித்துவைத்துத் திரை போட்டிருப்பார்கள். கதவு போட்ட சின்ன அறை வேண்டுமென்றால் பெரும்பாலும் 27, 28 அடிக்கு மேல் போக வேண்டும். ஒரு கதவு படகின் நீளத்தையே முடிவு செய்துவிடுகிறது, பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புகிற ஆள் என்றால் அந்தக் கதவும் தேவையில்லை, அதற்கான பணமும் தேவையில்லை.

மூன்றாவது, எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்பது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

அணை, விரிகுடா, வெளிக்கடல்

அணை என்றால் முதலில் மிட்மார். என்3 சாலையில் ஏறினால் சுமார் 100 கிலோமீட்டர், ஹாவிக் ஊரை ஒட்டி இருக்கிறது. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் இனாண்டா. உப்பு இல்லை, சுறா இல்லை, கவிழ்ந்தாலும் கரை கண்ணில் தெரியும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கோடைக்காலப் பிற்பகல்களில் மட்டும் டிராக்கன்ஸ்பெர்க் பக்கமிருந்து இடிமழை கட்டிக்கொண்டு வரும். அந்த வெட்டவெளித் தண்ணீரில் உயரமாக ஓர் அலுமினியக் கம்பத்தை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள்.

விரிகுடா என்பது துறைமுகத்துக்குள்ளே இருக்கும் தண்ணீர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் இதே விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார்கள். 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அதே தீவில்தான் அரசு திறந்தது. பிள்ளைகள் ஃபெரியில் போய்ப் படித்தார்கள். படகும் தண்ணீரும் நமக்குப் புதிதில்லை என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான். இன்று விரிகுடாவில் ஓட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பெரிய கப்பல்களின் வழி. அவற்றால் உங்களுக்காக ஒதுங்க முடியாது. இன்னொன்று, நடுவில் கிடக்கும் மணல்திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கிட்டத்தட்ட 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். காலையில் மிதந்து போன இடத்தில் மத்தியானம் கொக்கு நடக்கும்.

இனி வெளிக்கடல். இங்கே எழுதுவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

நம் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடுவது அகுல்ஹாஸ் நீரோட்டம். கடலின் ஆழம் 200 மீட்டரைத் தொடும் விளிம்பை ஒட்டி அது 4, 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம்கூட எடுக்கும். சின்னப் பாய்ப்படகின் முழு வேகமே அவ்வளவுதான். இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கு, இல்லையென்றால் தென்மேற்கு. வடகிழக்கு ஒன்றிரண்டு நாள் அடிக்க அடிக்க பாரோமீட்டர் இறங்கிக்கொண்டே வரும். அப்புறம் காற்று சட்டென்று ஓயும், பாரோமீட்டர் ஏறத் தொடங்கும், தென்மேற்கு முகத்தில் அறையும். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம். அலை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். பெரிய சரக்குக் கப்பல்களையே உடைத்த கடல் இது.

தூரத்தையும் பாருங்கள். வடக்கே ரிச்சர்ட்ஸ் பே சுமார் 90 கடல் மைல். மணிக்கு 5 நாட் போனால் 18 மணி நேரம், ஓர் இரவு கண் விழிக்க வேண்டும். அதுவும் நீரோட்டத்துக்கு எதிரே என்பதால் கரையை ஒட்டியே போக வேண்டும். தெற்கே ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல் மைல். நடுவில் ஒதுங்க ஒழுங்கான துறைமுகம் இல்லை. ‘சும்மா பக்கத்து ஊருக்கு ஒரு நடை’ என்கிற வசதி நம் கரையில் கிடையாது. மத்தியதரைக் கடலில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாலு அறையும் நீச்சல் ஏணியும் உள்ள படகைத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கணக்கு: முதல் இரண்டு வருஷம் அணையும் விரிகுடாவும், நல்ல வானிலை பார்த்து வெளியே ஒரு பகல். அந்த வாழ்க்கைக்கு ஏற்ற படகை வாங்குங்கள். ஐந்து வருஷம் கழித்து வாழப்போகும் வாழ்க்கைக்கு ஐந்து வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் பத்துப் படகில் ஏறுங்கள்

கிளப் என்றாலே நம் ஆட்களில் பலருக்கு ஒரு தயக்கம். காரணம் இல்லாமல் இல்லை. ராயல் நேட்டல் யாட் கிளப் 1858-இலிருந்து இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் கடற்கரை மணலையே நிறம் பார்த்துப் பிரித்த ஊர் இது. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குப் பாய்ப்படகு என்பது வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒன்று. இன்று நிலைமை வேறு. பந்தய நாளில் ஆள் குறைகிற படகு எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். மென்மையான அடிப்பாகம் உள்ள ஷூ, ஒரு மழைச்சட்டை, கொஞ்சம் சமோசா, இவற்றோடு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ‘ஆள் வேண்டுமா’ என்று கேளுங்கள். சமோசாவை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனால் கையில் பிடித்துப் பார்த்த அறிவு வந்துவிடும். படகைத் திருப்ப டில்லர் என்கிற கைத்தடி பிடிக்குமா, சக்கரம் பிடிக்குமா என்று தெரியும். படகு சாயும்போது பயப்படுகிறீர்களா, ரசிக்கிறீர்களா என்றும் தெரியும். வாந்தி வருமா என்பதும் தெரிந்துவிடும், அதுவும் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒருவர் 30 அடிப் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்தார்.

நிறுத்த இடம் கிடைத்த பிறகுதான் படகு

இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மெரினாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், இடம் இல்லாத படகு, பார்க்கிங் இல்லாத லாரி மாதிரி. விற்பவர் ‘பெர்த்தும் (நிறுத்தும் இடமும்) சேர்த்துத்தான்’ என்றால், அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கிளப் அல்லது மெரினா அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். பல இடங்களில் படகு கைமாறினால் இடமும் கூடவே மாறிவிடாது. வாடகைப் பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இடம் எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். 2017 அக்டோபர் புயலில் கயிறு அறுந்த கன்டெய்னர் கப்பல் ஒன்று துறைமுக வாயிலேயே குறுக்கே போய் நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதே விரிகுடா மரக்கட்டையும் நாணலும் பிளாஸ்டிக்குமாக மூடிக் கிடந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாத படகை நான் இங்கே தண்ணீரில் விடமாட்டேன்.

டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவுப் படகு என்றால் இந்தத் தலைவலியே இல்லை. வேறு இரண்டு உண்டு. டிரெய்லரும் படகும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டினால் சாதாரண பி லைசென்ஸ் போதாது, ஈபி வேண்டும். டிரெய்லருக்கு பிரேக்கும் இருக்க வேண்டும். இழுக்க பக்கி வேண்டும். இங்கே பிக்-அப் வண்டியை ‘பக்கி’ என்பார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் “உன்னிடம் பக்கி இருக்கிறதா?” என்று கேட்டபோது ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன்.

சரி, எந்த வகை?

தனியாக அல்லது பிள்ளைகளோடு கற்றுக்கொள்ள டிங்கி என்கிற சின்னத் திறந்த படகு. பிள்ளைக்கு ஆப்டிமிஸ்ட், கொஞ்சம் வளர்ந்தால் டாப்சிக். டாப்சிக் இந்த நாட்டிலேயே ஜாக் கோப்பர் வடிவமைத்த சின்னத் தட்டைப் படகு; தென்னாப்பிரிக்க மாலுமிகளில் பெரும் பங்கினர் அதில் நனைந்து வளர்ந்தவர்கள். பெரியவர்களுக்கு லேசர். இளரத்தம், வேகம் வேண்டும் என்றால் ஹோபி 16. இரண்டு ஹல் (படகின் உடல்), சுமார் 5 மீட்டர், பறக்கும். கவிழும்போதும் அதே உற்சாகத்தோடு கவிழும். இவையெல்லாம் வாங்கிய விலைக்குச் சற்றுக் குறைவாக எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். முதல் படகாக டிங்கி வாங்கி வருத்தப்பட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

18 முதல் 23 அடி வரை, அடியில் தொங்கும் கீலை மேலே தூக்கிக்கொள்ளும் டிரெய்லர் படகுகள். இந்த மாதம் மிட்மார், அடுத்த மாதம் விரிகுடா என்று மாற்றிக்கொள்ளலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்து பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது) சாப்பிடலாம். வேலைக்குப் போகிற, ஞாயிறு மட்டுமே கிடைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் என்பது என் கட்சி.

25 முதல் 27 அடி வரை நிலையான கீல் உள்ள படகுகள். இந்த நாட்டில் அதிகம் கண்ணில் படுவது எல்26. ஏஞ்சலோ லாவ்ரானோஸ் வடிவமைத்தது. பந்தயத்துக்குப் பிறந்த படகு, உள்ளே வசதி குறைவு. ஆனால் நிறைய இருப்பதால் பாய், உதிரி, ஆலோசனை எல்லாமே கிளப்பில் கிடைக்கும். பழைய படகு வாங்கும்போது இது எவ்வளவு பெரிய வசதி என்பது ஒரு சின்னப் பாகம் உடைந்து மூன்று மாதம் காத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

30 அடிக்கு மேலே போனால் விஷயம் வேறு. நீளம் ஒன்றரை மடங்கு ஆனால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது, ஏனென்றால் அகலமும் உயரமும் சேர்ந்து வளர்கின்றன. செலவு எடையின் பின்னால் போகும். 20 அடிப் படகின் பாயைக் கையால் இழுக்கலாம், 34 அடிக்குக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் வேண்டும். அந்த ஒரு வின்ச்சின் விலைக்கு நல்ல டிங்கி வாங்கலாம்.

கட்டமரான் என்கிற இரட்டை உடல் படகைப் பற்றிக் கேட்பீர்கள். கேப் டவுனில் ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டும் லெப்பர்டு படகுகள் உலகமெங்கும் போகின்றன. பெயர் நம்முடையது, விலை நம்முடையது இல்லை. இரண்டு ஹல் என்றால் இரண்டு இன்ஜின், அகலமான பெர்த். முதல் படகாக வேண்டாம்.

கீல் என்கிற அடிப்பகுதி

கீழே தொங்கும் கீல்தான் படகின் குணம். துடுப்பு மாதிரி ஆழமாக இறங்கும் ஃபின் கீல் சட்டென்று திரும்பும், காற்றை நோக்கி நன்றாக ஏறும். ஆனால் 1.5 முதல் 2 மீட்டர் ஆழம் கேட்கும். மணல்திட்டை மறந்தால் மாட்டிக்கொள்ளும். இரட்டைக் கீல் படகு நீர் வற்றினால் நாற்காலி மாதிரி தரையில் உட்காரும், ஓட்டத்தில் கொஞ்சம் மந்தம். தூக்குகிற கீலில் எல்லாம் நல்லதே. ஆனால் அந்தக் கேபிளையும் திருகாணியையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

நீளக் கீல் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023-இல் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி கோல்டன் குளோப் பந்தயத்தை வென்றார். இரண்டாவதாக வந்தவர் இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி. இருவரும் ஓட்டியது 36 அடி, நீளக் கீல் படகுகள். பந்தய விதியே பழைய வடிவம்தான் வேண்டும் என்றது. அதைப் படித்துவிட்டு நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு நீளக் கீல் தேட ஆரம்பித்தார்கள். பெருங்கடலில் அது நேர்கோட்டில் நிதானமாகப் போகும், உண்மை. ஆனால் மெரினாவில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். முரட்டு எருமை, தன் இஷ்டத்துக்குத்தான் திரும்பும். பக்கத்துப் படகுக்காரர் ஓடிவந்து தன் படகைக் கையால் தள்ளிப் பிடிப்பார்.

எதனால் கட்டியது

ஃபைபர் கிளாஸ். முதல் படகுக்கு இந்த ஒரு பதில் போதும். 1970, 80-களில் கட்டியவற்றில் பல தடிமனாக இருக்கும், வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரும்புப் படகுகள் இந்த நாட்டில் நிறைய, அவற்றில் பலவும் வீட்டுப் பின்கட்டில் ஒருவர் வருஷக்கணக்காக வெல்டிங் செய்து கட்டியவை. சில அற்புதமானவை. ஆனால் இரும்பை ஏமாற்றுவது வெளியே தெரியும் துரு இல்லை, உள்ளிருந்து பிடிக்கும் துரு. என் 34 அடியில் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது. மரப் படகு, ஆசாரிக் கை உள்ளவர்களுக்கு. சிமென்ட் படகுக்கு இன்ஷூரன்ஸ் கிடைப்பதே பாடு, விட்டுவிடுங்கள்.

தட்டிப் பாருங்கள்

எங்கள் அம்மாச்சி பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிக் காது வைத்துக் கேட்பார். படகும் அப்படித்தான். டெக் என்கிற மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்து ஒட்டியது. மேலே போல்ட் போட்ட ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் நடுமரம் இற்றுப்போகும், மேலே ஒன்றும் தெரியாது.

இரண்டாவது படகு தேடியபோது டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போனேன். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். படகு வெள்ளை வெளேரென்று இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணன் எதுவும் பேசாமல் மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். மாஸ்ட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் தொப். ஒரு சாண் தள்ளித் தட்டினார், தொப். “தம்பி, இங்கே சத்தம் செத்துப்போச்சு” என்றார். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டதும் பார்த்தால், ஒரு முழு வாழையிலை அளவு. மாஸ்ட் நிற்கிற இடத்தில். விற்க வந்தவர் வானத்தைப் பார்த்தார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். மாஸ்ட்டைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகளை எந்த வருஷம் மாற்றினார்கள் என்று கேளுங்கள், ரசீதோடு. உப்புத் தண்ணீரில் 10, 15 வருஷம் தாண்டியிருந்தால் முழுசாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பஞ்சைக் கம்பியில் சுற்றி மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டும். கீலும் ஹல்லும் சேரும் இடத்தில் முன்பக்கம் சிரிப்பு மாதிரி ஒரு விரிசல் தெரிந்தால், அந்தப் படகு எங்கேயோ தரை தட்டியிருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. ஹல்லில் தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள் ஒவ்வொன்றையும் கையால் திருப்புங்கள். பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது உதிரப் போகிறது.

டீசல் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை. இன்ஜினிலிருந்து ஹல்லின் அடி வழியாக விசிறிக்கு இறங்கும் செயில்டிரைவ் இருந்தால் ஹல்லோடு சேரும் ரப்பர் வளையத்தை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்; 7 வருஷத்துக்கு ஒருமுறை என்பது வோல்வோ பென்டா சொல்கிற கணக்கு. மின்சாரத்தில் நமக்குப் பயமில்லை. லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டின் புண்ணியத்தில் இந்த நாட்டில் எல்லோருமே இன்வெர்ட்டர், பாட்டரிக் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள்.

இவ்வளவும் பார்த்து மனதுக்குப் பிடித்த பிறகு, 25 அடிக்கு மேற்பட்ட படகு என்றால் சர்வேயர் ஒருவரை அமர்த்தி, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்க வையுங்கள். சர்வேயரை நீங்களே தேடுங்கள். விற்பவரோ புரோக்கரோ சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். என் இரும்புப் படகுக்கு அப்படி வந்தவர், தரைப்பலகையைத் தூக்கவே இல்லை.

காகிதம்

9 மீட்டரை எட்டிய பாய்ப்படகுக்கும், 15 குதிரைசக்தியைத் தாண்டிய இன்ஜினுக்கும் ஸ்கிப்பர் சான்றிதழ் வேண்டும். அதாவது 30 அடியை ஒட்டி ஒரு கோடு இருக்கிறது. 28 அடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் 1, 5, 15, 40 கடல் மைல் என்று படிகள் உண்டு. படகின் பாதுகாப்புச் சான்று எந்தப் படிக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் பொறுப்பு சாம்சா எனப்படும் கடல் பாதுகாப்பு ஆணையம்.

வருஷக் கடைசியில் ரிச்சர்ட்ஸ் பேயிலும் டர்பனிலும் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த வெளிநாட்டுப் படகுகள் ஒதுங்கும். சிலர் இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறுவார்கள். விலை மலிவாகத் தெரியும். கொடியைப் பாருங்கள். வெளிநாட்டுப் பதிவு என்றால் 15 சதவீத வாட் வரி கட்டியாயிற்றா, கட்டவில்லை என்றால் யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பாய்ப்படகுக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது. கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படகுக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் முதல் வருஷத்திலேயே போய்விடும்: இன்ஷூரன்ஸ், பெர்த், அடிப்பூச்சு, ஒரு பாய், இரண்டு கயிறு, லைஃப் ஜாக்கெட். நம் விரிகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பானது, அடியில் சிப்பியும் பாசியும் ஆறு மாதத்தில் தோட்டம் போட்டுவிடும். பழைய பாய் தளர்ந்து பையாகிவிட்டதா என்று விரித்துப் பார்த்துவிடுங்கள். புதுப் பாயின் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

‘சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று யாராவது படகு கொடுத்தால்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இலவசப் படகை மட்டும் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

காற்றே இல்லாத காலையில் ஓட்டிக் காட்டுவார்கள், எல்லாப் படகும் அன்று நல்ல படகுதான். 15 நாட் காற்றாவது இருக்கும் நாளைக் கேளுங்கள். பாயை நீங்களே ஏற்றி, பாதியாகச் சுருக்கி, மறுபடி விரித்துப் பாருங்கள். தென்மேற்கு முகத்தில் அறையும் ஊரில், தனி ஆளாக ஐந்து நிமிஷத்தில் பாயைச் சுருக்க முடியாத படகு எனக்கு வேண்டாம். வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். கேபினுக்குள் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். டீசல் நாற்றமும் பூஞ்சை நாற்றமும் அவர்கள் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். கடல் மீட்பு நிறுவனமான என்எஸ்ஆர்ஐ-யின் சேஃப்டிரெக்ஸ் செயலியை அன்றே போனில் ஏற்றிப் பழகிவிடுங்கள், இலவசம்தான்.

பணம் கைமாறிய பிறகு, விற்றவரிடம் இன்னும் ஒரே ஒரு நாள் கேளுங்கள். ஒவ்வொரு சுவிட்ச், வால்வு, கயிறுக்கும் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். என் 22 அடிப் படகை விற்றவர் எழுபது வயதுப் பெரியவர், முழங்கால் வலி தாங்காமல் விற்றார். எல்லாம் காட்டி முடித்துக் கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அவுட்போர்டு இன்ஜினின் விசிறியைப் பிடிக்கும் குட்டி உலோக ஊசிகள், நான்கு. “இது உடையும். எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள், படகுப் பெட்டியில் இல்லை” என்றார். இரண்டாம் மாதம், மழைக்கு மறுநாள், துறைமுக வாய்க்குச் சற்று உள்ளே நாணல் கட்டு ஒன்று சிக்கி அது உடைந்தது. டப்பா சட்டைப் பையில் இருந்தது.